இரு வழங்குநரும் ஒரு கணினியும்: ஊவாத் தோட்டப்புறத்தில் நிலைவழி அமைத்தல் பற்றிய விளக்கம்

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியர் விடுதியிலோ, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவரொருவரின் வீட்டிலோ, ஒரே கணினியோடு இரண்டு இணைய இணைப்புகள் பூட்டப்பட்டிருப்பதை இன்று காணலாம். ஒன்று பிரதான வீதியை ஒட்டி வரும் கம்பிவழி இணைப்பு; மற்றையது கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து அலைவரிசையைப் பெறும் சிறு ரவுட்டர். இதனை வசதி மிகுதியின் அடையாளமெனக் கருதுவோர் உளர். ஒன்று போதாமையினாலேயே மற்றொன்று வேண்டப்பட்டது என்பதை ஊவா மலைகளின் அமைப்பை அறிந்தோர் உணர்வர். ஆயினும், இரண்டு கட்டணங்களைச் செலுத்துபவர் இரண்டு வழிகளைப் பெற்றுவிடுகிறாரா என்பதே எம்முன் உள்ள வினா. பெரும்பாலும் அவர் பெறுவதில்லை. கணினி தானாகவே ஒரு வழியைத் தெரிந்துகொண்டு மற்றதைச் சும்மா விட்டுவிடுகின்றது. அது ஏன் அவ்வாறு செய்கின்றது, நாம் விரும்பியவாறு அதனைச் செலுத்துவது எங்ஙனம், அவ்வாறு செலுத்துவதன் எல்லைகள் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழியல் ஆய்வேட்டில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ என்று சிலர் வினவக்கூடும். உற்பத்திக் கருவிகளைப் பற்றிய அறிவு ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியில் எழுதப்படாதிருக்கும் வரை, அக்கருவிகள் அவர்களது கையிலிருந்தாலும் அவர்களது ஆளுகைக்குள் வருவதில்லை. இவ்விடயம் பற்றி எமக்குக் கிடைக்கும் கைந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவையும் கொழும்பின் அலுவலகமொன்றையோ அமெரிக்க வீடொன்றையோ மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. ஆகலின் இம்முயற்சிக்கு வேறு நியாயம் கூறவேண்டுவதில்லை.

முதலிற் களத்தை நோக்குவோம். ஊவாவின் போக்குவரத்து வழிகள் கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கும் தேவையினால் வரையப்பட்டவை. புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. வீதிகளும் தொழிற்சாலையையும் துரையின் பங்களாவையும் நோக்கியே வளைந்து சென்றன. லயங்கள் அவ்வீதிகளின் முடிவிலோ, முடிவுக்கும் அப்பாலோ இருந்தன. தொலைபேசிக் கம்பியும் அதன் பின்வந்த ஒளியிழைவடமும் பெரும்பாலும் அதே பிரதான வீதிகளைப் பின்பற்றியே வந்தமையால், நூறாண்டுகளுக்கு முந்திய பொருளாதார வரைபடமே இணையத்தின் வரைபடமாகவும் தொடர்கின்றது. பதுளை, பண்டாரவளை, பசறை முதலிய நகரங்களின் நடுவில் ஒளியிழை கிடைக்கும். மலைச்சரிவின் மறுபக்கத்துப் பிரிவில் கைத்தொலைபேசி அலையே கதி. அதுவும் மலை மறைக்காத இடத்தில் மாத்திரம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்நிலைமை அம்பலமாயிற்று. 2021இல் லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் மலைமீதேறி, மரத்தின்மேற் கட்டப்பட்ட பரணிலிருந்து பாடங்களைப் பெற்ற செய்தி உலகச் செய்தி நிறுவனங்கள் வழியே பல நாடுகளிலும் வெளியாயிற்று. அச்செய்தியைப் பிள்ளைகளின் மனவுறுதிக்குச் சான்றாக எடுத்துக்காட்டி மகிழ்ந்தோர் பலர். கோபுரம் எங்கே நிறுவப்படுகின்றது, யாருடைய இலாபக் கணக்கின்படி நிறுவப்படுகின்றது என்று கேட்டோர் சிலரே. அக்காலத்திலேயே இரண்டாவது இணைப்பு ஒன்றின் தேவை பல குடும்பங்களால் உணரப்பட்டது எனலாம்.

இனி விடயத்துக்கு வருவோம். இணையத்தில் அனுப்பப்படும் எதுவும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் மீதும் சேரவேண்டிய முகவரியும் அனுப்பியவரின் முகவரியும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். கணினி அப்பொதியை இறுதி இடம் வரை கொண்டு செல்வதில்லை. அதனை எந்த வாயிலிற் கையளிப்பது என்பதை மாத்திரமே தீர்மானிக்கின்றது. அத்தீர்மானத்துக்கு ஆதாரமாக அது வைத்திருக்கும் பட்டியலே வழிப்பட்டியலாகும்.

தோட்டத்துத் தபால் முறையை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தோட்டத்தில் எழுதப்படும் கடிதம் அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும். தப்பால்காரர் அதனை அண்மையிலுள்ள தபாற் கந்தோருக்குக் கொண்டு செல்வார். கடிதம் தஞ்சாவூருக்குப் போவதாயினும் தலவாக்கலைக்குப் போவதாயினும் அவர் நடக்கும் வழி ஒன்றே. அப்பாற்பட்ட வழிகளை அவர் அறியவேண்டியதில்லை. கணினியின் வழிப்பட்டியலில் இத்தகைய பொதுவழி ஒன்று எப்போதும் உண்டு. தனியாகக் குறிப்பிடப்படாத முகவரிகள் அனைத்துக்கும் உரியது அதுவே. இயல்புவழி என்று அதனைக் குறிப்பிடலாம். பட்டியலில் அது 0.0.0.0 என்று எழுதப்பட்டிருக்கும். இனி, பசறைக்குச் செல்லும் கடிதங்களை மாத்திரம் அங்கே நாள்தோறும் செல்லும் லொறிக்காரரிடம் கொடுக்கும்படி பெரிய கிளாக்கர் கட்டளையிட்டால், அது ஒரு சிறப்பு விதி. ஏனையவை பழைய வழியே செல்லும். பசறைக் கடிதங்கள் லொறியில் ஏறும். மனிதர் கையால் எழுதப்பட்டு, மனிதர் மாற்றும் வரை மாறாதிருக்கும் இத்தகைய விதியையே நிலைவழி என்கிறோம்.

ஒரு முகவரிக்குப் பொதுவிதியும் சிறப்பு விதியும் ஒருங்கே பொருந்துமாயின், கணினி சிறப்பு விதியையே கொள்ளும். எந்த விதி முகவரியின் மிகுதியான பகுதியைக் குறிப்பிடுகின்றதோ அதுவே வலியது. வரிசையில் எது முதலில் எழுதப்பட்டது என்பது பொருட்டன்று. புறனடை விதி பொதுவிதியை வெல்லும் என்பதை இலக்கணம் பயின்ற எம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தபால் உவமை மற்றோர் உண்மையையும் புலப்படுத்துகின்றது. அது சற்று விரிவாக நோக்கற்பாலது. லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இல்லாத நிலை மலையகத்தில் நெடுங்காலம் நிலவியது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே ஆயிரக்கணக்கானோரின் பொது முகவரியாயின. வந்த கடிதம் அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்து உரியவரைத் தேடிச் செல்லும். சென்று சேராததும் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்த கதைகளை மலையகத்திற் பலரும் அறிவர். வீட்டுக் கணினியின் நிலையும் இதுவே. 192.168 எனத் தொடங்கும் எண்ணொன்று அதற்கு வழங்கப்பட்டிருக்கும். அவ்வகை எண்கள் வீட்டினுள் மாத்திரம் செல்லுபடியாகும் தனிப்பட்ட எண்கள் என 1996 பெப்ரவரியில் வெளியான இணையப் பொறியியல் ஆவணம் வரையறுத்தது. உலகின் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் உள்ளன. வெளியுலகிலிருந்து அவற்றுக்கு எழுத முடியாது. பொதி வெளியே செல்லும்போது ரவுட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகின்றது. பதில் வந்ததும் எக்கணினிக்குரியது என்று தன் குறிப்பேட்டைப் பார்த்து உட்புறம் அனுப்புகின்றது. கைத்தொலைபேசி நிறுவனங்களோ பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரியின் பின்னால் வைத்து, இம்மாற்றத்தை இரண்டாவது முறையும் செய்வதுண்டு. தோட்ட அலுவலகத்தின் மேல் இன்னோர் அலுவலகம் இருப்பதைப் போன்றது இது.

இரு வழங்குநர் உள்ள இடத்தில் இதன் விளைவு முக்கியமானது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் குறிப்பேட்டை மாத்திரமே அறியும். ஆகவே ஓர் உரையாடல் எந்த வாயிலாகத் தொடங்கியதோ அதே வாயிலாகவே முடிவு வரை நடைபெறவேண்டும். இடையில் வாயிலை மாற்றினால் மறுமுனையிலுள்ளவர் புதிய முகவரியொன்றிலிருந்து வரும் பொதியைக் கண்டு, முன்னர்ப் பேசியவர் இவரே என்று அறியமாட்டார். வங்கித் தளமொன்று நடுவழியில் வெளியேற்றிவிடுவதும், இணையவகுப்பு அறுந்து மீண்டும் தொடங்குவதும் பல வேளைகளில் இதனாலேயே. இரண்டு இணைப்புகளையும் ஒன்றாகக் கூட்டி இருமடங்கு வேகம் பெறலாம் என்று கடைக்காரர் கூறுவதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. தனியொரு உரையாடல் இவ்வமைப்பில் ஒரு வழியில் மாத்திரமே செல்லும். வெவ்வேறு உரையாடல்களை வெவ்வேறு வழிகளிற் பகிர்ந்தளிப்பதே இயலுவது. நிலைவழி செய்யும் வேலையும் அதுதான்.

செய்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. வீட்டிலுள்ள கம்பிவழி ரவுட்டரின் உள்முகவரி 192.168.1.1 என்றும், கைத்தொலைபேசி அலை ரவுட்டரின் உள்முகவரி 192.168.8.1 என்றும் கொள்வோம். முதலிற் கவனிக்க வேண்டியது இவ்விரண்டும் வெவ்வேறு தொகுதிகளாக இருத்தலே. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற ஒரே எண்ணோடு வருகின்றன. இரண்டும் அதே எண்ணைத் தாங்கினால் கணினிக்கு ஒரே பெயருடைய இரு தோட்டங்களின் கடிதங்களைப் பிரிக்க நேர்ந்த தப்பால்காரரின் நிலையே ஏற்படும். ஒன்றின் அமைப்புப் பக்கத்திற் புகுந்து எண்ணை மாற்றிவிட்டே மேற்செல்லவேண்டும்.

எந்தப் போக்குவரத்தைத் தனிவழியில் அனுப்புவது என்பது அடுத்த தீர்மானம். எமது பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைப்பது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பாகும். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் அதனுடன் இணைந்துள்ளது. 2020இல் இணைய வழங்குநர்கள் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களையும் லேர்ன் வழியாக நடந்த ஸூம் வகுப்புகளையும் கட்டணமின்றிப் பயன்படுத்த இடமளித்தனர். அத்தகைய சலுகை ஒரு வழங்குநரிடம் கிடைத்து மற்றவரிடம் கிடைக்காதபோது, அல்லது ஒருவரது பெக்கேஜில் தரவளவு விரைவிற் தீர்ந்துவிடும்போது, பல்கலைக்கழகப் போக்குவரத்தை மாத்திரம் குறித்த வாயிலுக்குத் திருப்புதல் ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே மாற்றும். இதற்கு வாய்ப்பாக லேர்ன் வலையமைப்பின் முகவரிகள் பல 192.248 என்றே தொடங்குகின்றன.

விண்டோஸ் இயங்குதளத்தில், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ரூட் பிரிண்ட்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் நடைமுறையிலுள்ள வழிப்பட்டியல் தோன்றும். எதையும் மாற்றுமுன் அதனை ஒரு தாளிற் பிரதிசெய்து வைத்தல் நன்று. புதிய வழியைச் சேர்க்கும் கட்டளை நான்கு உறுப்புகளைக் கொண்டது: 'ரூட் ஆட்' என்னும் ஏவல்; சேரவேண்டிய தொகுதியாகிய 192.248.0.0, அம்முகவரியில் எவ்வளவு பகுதியை ஒப்பிடவேண்டும் என்று கூறும் மாஸ்க், இங்கு 255.255.0.0, கையளிக்கவேண்டிய வாயிலாகிய 192.168.8.1. இவ்வாறு சேர்த்த வழி கணினியை நிறுத்தித் தொடங்கியதும் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமாயின் ஏவலுடன் சிறுகோடிட்டுப் 'பி' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்கவேண்டும். லினக்ஸில் இதே செய்தியை 'ஐபி ரூட் ஆட்' என்று தொடங்கி, தொகுதியை 192.248.0.0/16 என்று சுருக்கி, 'வையா' என்ற சொல்லின் பின் வாயிலை எழுதுவர். அங்கும் நிலைத்திருக்க வேண்டுமெனின் வலையமைப்பு அமைப்புக் கோப்பில் அதனை எழுதியாக வேண்டும். பின்னர், பொதி செல்லும் தடத்தைக் காட்டும் 'ட்ரேசர்ட்' என்னும் கட்டளையைப் பல்கலைக்கழகத் தளமொன்றின் முகவரியோடு தட்டினால், முதலாவது படியில் 192.168.8.1 தோன்றவேண்டும். வேறேதேனும் தளத்தின் பெயரைத் தட்டினால் 192.168.1.1 தோன்றவேண்டும். இவ்விரண்டும் ஒத்தால் வேலை முடிந்தது.

இவ்வழி எல்லாத் தளங்களுக்கும் பொருந்தாது என்பதையும் கூறவேண்டும். தமக்கெனக் குறித்த முகவரித் தொகுதியைக் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கு இது பொருந்தும். யூடியூப், வட்ஸ்அப் முதலியவற்றின் சேவையகங்களோ உலகெங்கும் பரந்து, நாளுக்கு நாள் மாறும் எண்ணற்ற முகவரிகளில் இயங்குவன. அவற்றை நிலைவழியாற் கட்டுப்படுத்த முயல்வது நுரையைக் கயிற்றாற் கட்டுவதைப் போன்றது. மேலும், வழங்குநர் ஒருவர் ஆறாம் பதிப்பு முகவரிகளையும் வழங்குவாராயின், அவற்றுக்கென வேறொரு பட்டியல் உண்டு. நாலாம் பதிப்புக்கு நாம் எழுதிய விதி அங்கு செல்லாது.

இரண்டு வாயில்களும் தத்தம்மை இயல்புவழியென அறிவித்துக்கொள்ளும்போது எதனைக் கொள்வது? இங்கு மெட்ரிக் என்னும் செலவெண் வருகின்றது. சமமான விதிகளுள் செலவெண் குறைந்ததே தெரிவாகும். விண்டோஸ் அதனைத் தானே கணிக்கின்றது. கணிக்கும் முறைதான் வேடிக்கையானது. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையேயுள்ள இணைப்பின் வேகத்தை வைத்து அது மதிப்பிடுகின்றது. ஒரு முழ நீளக் கேபிள் மிக வேகமானது. ஆகவே கேபிளில் உள்ள வழங்குநரே சிறந்தவர் என்று முடிவு செய்கின்றது. அந்த ரவுட்டருக்கு அப்பால், மலையிறங்கிச் செல்லும் பழைய செப்புக்கம்பி நத்தை வேகத்தில் இயங்குவதை அது அறியாது. புறத்தோற்றத்தைக் கொண்டு உள்ளுறவுகளை மதிப்பிடும் இவ்வழு கணினிக்கு மாத்திரம் உரியதன்று. திருத்தம் எளிது: வலையமைப்பு அட்டையின் அமைப்பில் தானியங்கிச் செலவெண்ணை நீக்கிவிட்டு, விரும்பும் வழிக்குச் சிறிய எண்ணையும் மற்றதற்குப் பெரிய எண்ணையும் நாமே எழுதலாம்.

பலரை மயங்கவைக்கும் மற்றொரு விடயம் பெயர்ச் சேவையகம் பற்றியது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். எனப்படும் அச்சேவையகம். ஒவ்வொரு வழங்குநரும் தமது வாடிக்கையாளருக்கென ஒன்றை நடத்துவர். பிறரது வாடிக்கையாளருக்கு அது பெரும்பாலும் விடையளிக்காது. ஒரு வழங்குநரின் பெயர்ச் சேவையகத்துக்கான வினா மற்றவரின் வாயிலாகச் சென்றால் விடை வாராது. வழிகள் அனைத்தும் செம்மையாக இருக்க, 'இணையம் இல்லை' என்றே கணினி கூறும். ஒவ்வொரு வழங்குநரின் பெயர்ச் சேவையக முகவரிக்கும் அவரவர் வாயிலாகவே தனித்தனி நிலைவழி எழுதுதல் இதற்குத் தீர்வு. தனியொரு முகவரியைக் குறிக்கும்போது மாஸ்க் 255.255.255.255 ஆகும்.

பாடசாலையொன்று தன் கணினியிற் பாடங்களை வைத்து வெளியிலிருந்து பார்க்க விடும்போது, சிக்கல் மறுதலையாக எழுகின்றது. இரண்டாம் வாயிலால் வந்த வினாவுக்கான பதில் இயல்புவழியாகிய முதல் வாயிலாற் சென்றுவிடக்கூடும். அவ்வாறு சென்றால் அது வழியிலேயே வீழ்த்தப்படும். பிறர் முகவரியைத் தாங்கிவரும் பொதிகளைத் தம் எல்லையிலேயே தடுக்கும்படி வழங்குநர்களுக்கு அறிவுறுத்தும் ஆவணம் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. இந்நிலையில், சேரவேண்டிய முகவரியை மாத்திரம் நோக்கும் நிலைவழி போதாது. அனுப்புநர் முகவரியை நோக்கிப் பட்டியலைத் தெரிவுசெய்யும் விதி வேண்டும். லினக்ஸில் அதற்கு இடமுண்டு: வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப்பட்டியல் எழுதி, இன்ன முகவரியிலிருந்து புறப்படுவது இன்ன பட்டியலை நோக்குக என்று கட்டளையிடலாம்.

இதுவரை கூறியவை கருவியைச் செலுத்தும் முறை பற்றியவை. நிலைவழியின் பெருங்குறை இனிமேலேதான் வருகின்றது. ஊவாவில் அது வெறும் தொழினுட்பக் குறையாக நின்றுவிடுவதில்லை. நிலைவழி ஒரு பழைய தீர்மானம். எழுதிய நாளில் இருந்த உலகத்தையே அது அறியும். கேபிள் பிடுங்கப்பட்டால், அல்லது ரவுட்டர் அணைந்தால், கணினி அதனை உணர்ந்து அவ்வழியைக் கைவிடும். ஆனால் ரவுட்டரின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்க, அப்பால் எட்டுக் கிலோமீற்றர் தொலைவில் மண்மேடு சரிந்து வடத்தை அறுத்திருந்தால், கணினி எதையும் அறியாது பொதிகளை அந்த வாயிலிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். மற்றைய வாயில் திறந்திருந்தும் பயன்படாது. பெரும் வழங்குநர்கள் தம்மிடையே பீ.ஜீ.பி. எனப்படும் நெறிமுறையால் வழிகளின் நிலையைத் தொடர்ந்து அறிவித்துக்கொள்வர். ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்கு மாறுவர். லயத்திலுள்ள சிறு வாடிக்கையாளருக்கு அவ்வுரையாடலில் இடமில்லை. வழி அறுந்த செய்தி அவருக்கு மாத்திரம் வந்து சேர்வதில்லை.

ஊவாவில் மண்சரிவு புதிதன்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதையுண்டன. அவ்விடத்தின் அபாயம் பற்றி முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது என்பது பின்னர்ப் பெரிதும் பேசப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையின்போது பதுளை மாவட்டம் கடுமையாகத் தாக்குண்டது. மலையகப் புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது. வீதிகள் பல அடைபட்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று அறிய முடியாது கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருந்தோர் தவித்த நாட்கள் அவை. இரண்டாவது வழியின் பெறுமதி அத்தகைய நாளிலேயே அளக்கப்படுகின்றது.

நிலைவழியின் குருட்டுத்தன்மைக்குச் சிறு பரிகாரம் உண்டு. நன்கு அறியப்பட்ட இரு பொது முகவரிகளைத் தெரிந்து, எடுத்துக்காட்டாக 8.8.8.8 என்பதை முதல் வாயிலாலும் 1.1.1.1 என்பதை இரண்டாம் வாயிலாலும் மாத்திரம் செல்லும்படி தனி நிலைவழிகளை எழுதுக. பின்னர், நிமிடத்துக்கொரு முறை இரண்டையும் தட்டிப் பார்த்து, ஒன்றிலிருந்து தொடர்ந்து மறுமொழி வராவிடின் அவ்வாயிலின் செலவெண்ணை உயர்த்தும் சிறு நிரலொன்றைக் கணினியில் ஓடவிடலாம். கணினி கற்ற எந்த மாணவரும் ஒரு மாலைப்பொழுதில் இதனை எழுதிவிடுவார். ஒரே ஒரு தடவை மறுமொழி வராமைக்காக வழியை மாற்றும்படி எழுதக்கூடாது. மலைநாட்டு மழையில் அலைவரிசை அடிக்கடி தளம்பும். வழியும் அதனோடு தளம்பினால் வகுப்பு எதுவும் முடிவு வரை நடவாது. தொடர்ந்து ஐந்து முறை என்று வைத்தல் போதுமானது. முன்னர் எழுதிய பல்கலைக்கழக நிலைவழியையும் அந்நிரல் நீக்கவேண்டும். அல்லாவிடின் சிறப்பு விதி பொதுவிதியை வெல்லும் என்ற அதே நியாயத்தால், பல்கலைக்கழகப் பொதிகள் இறந்த வாயிலையே தொடர்ந்து நாடும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. இரண்டு வழங்குநர் எனப்படுவோர் மெய்யாகவே இருவரா? மொபிட்டெல் நிறுவனம் ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் துணைநிறுவனம். கம்பியையும் கைத்தொலைபேசியையும் அவ்விரண்டிடமிருந்து பெறுபவர் ஒரே வீட்டின் இரு கதவுகளையே வைத்திருக்கிறார். எட்டிசலாத் 2018இல் ஹட்ச்சுடன் இணைந்தது. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்தது. ஒருகாலத்தில் ஐந்தாயிருந்த கைத்தொலைபேசி நிறுவனங்கள் இன்று மூன்று. போட்டி தன் வளர்ச்சிப் போக்கிலேயே ஏகபோகத்தைப் பிறப்பிக்கும் என்ற பழைய உண்மைக்கு இத்துறை விதிவிலக்கன்று. எயார்டெல்லையும் டயலொக்கையும் இரு வழிகளென நம்பி வைத்திருந்தவர், எங்கோ நடந்த பங்குப் பரிமாற்றமொன்றினால், தாம் எதுவும் செய்யாமலே ஒரே வழங்குநரின் கீழ் வந்துவிட்டார்.

நிறுவனங்கள் வேறாயினும் தடம் ஒன்றாக இருக்கலாம். ஒரே கோபுரத்திற் பல நிறுவனங்களின் கருவிகள் தொங்குவதுண்டு. கோபுரத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் வடம் இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்றதாக இருப்பதுமுண்டு. பதுளையிலிருந்து கொழும்பை நோக்கி ஹாலி எல, பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகலை ஊடாக ஒரு வீதியும், வெலிமடை, நுவரெலியா ஊடாக மற்றொரு வீதியும் செல்கின்றன. கிழக்கே பசறை, பிபிலை ஊடாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியும் உண்டு. ஒருவரது இரு இணைப்புகளும் இவற்றுள் ஒரே வீதியோரமாகச் செல்லுமாயின், ஒரே மண்சரிவு இரண்டையும் அறுக்கும். வழிப்பட்டியலில் இரண்டு வரிகள் இருப்பதனால் நிலத்தில் இரண்டு வழிகள் இருப்பதாகாது. 'ட்ரேசர்ட்' காட்டும் பெயர்களைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். வடம் எவ்வீதியாற் செல்கின்றது என்பதை வழங்குநரின் பிரதேச அலுவலகத்திற் கேட்பதே நேர்வழி. தனியொருவர் கேட்டால் விடை கிடைப்பது அரிது. பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ தொழிற்சங்கக் கிளையோ எழுத்தில் கேட்டால் புறக்கணித்தல் அத்துணை எளிதன்று.

நிலத்தைச் சாராத வழியொன்று 2025 ஜூலையில் இந்நாட்டுக்கு வந்தது. ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை மண்சரிவால் அறுபடாது. ஆனால் தொடங்கியபோதே அதன் மாதக் கட்டணம் 10,000 ரூபாவுக்கு மேற்பட்டிருந்தது. கருவியின் விலை வேறு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கென நிர்ணயிக்கப்பட்ட ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. தனிக் குடும்பத்துக்கு எட்டாத இது, பிரிவொன்றின் பாடசாலைக்கோ சிறுவர் நிலையத்துக்கோ பொதுவில் எட்டக்கூடியது. அவ்வாறு பெறப்படின், கணினியின் வழிப்பட்டியலில் அது மூன்றாவது இயல்புவழியாக, மற்றைய இரண்டினும் பெரிய செலவெண்ணுடன் எழுதப்படவேண்டும். சாதாரண நாட்களில் ஒரு பொதியும் அவ்வழியே செல்லாது. அதன் ரவுட்டருக்கும் 192.168.1.1 என்ற எண்ணே தொழிற்சாலையில் இடப்பட்டிருப்பதால், மேலே கூறியவாறு இரண்டில் ஒன்றன் எண்ணை முதலில் மாற்றிக்கொள்ளவேண்டும். மூன்று ரவுட்டர்களுக்கும் மின்சாரம் ஒரே கம்பியால் வருமாயின் சிறு மின்கலம் ஒன்றையும் அவற்றுடன் பூட்டிவைத்தல் அவசியம்.